214 ஜிபி காலி, ஆனாலும் ‘இடம் போதவில்லை’: பழைய மென்பொருள் பெரிய டிஸ்க்கில் தடுமாறுவது ஏன்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதைச் சாக்கிட்டுப் பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள் கம்பம், கூடலூர், போடி பக்கமும் மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு பக்கமும் நிறையப் பேர். மெஷின் புதிதாக வந்தாலும் உள்ளே ஓட வேண்டியது பழசுதான். ஏலக்காய்க் கடையின் கொள்முதல் கணக்கு, எஸ்டேட் ஆபீஸின் செக்ரோல் (ஆள்வருகை, கூலிப் பதிவேடு), லாரி புக்கிங் ரசீது என்று இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள். எழுதியவர் இன்று தொடர்பில் இல்லை, மூல நிரலும் கையில் இல்லை. ஆனால் பத்து வருடத்துக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

புது மெஷினில் அதைப் போட்டுத் திறந்தால் ‘டிஸ்க்கில் இடம் போதவில்லை’ என்கிறது. சில மென்பொருள் காலி இடம் –15,72,864 கேபி என்று கழித்தல் குறியோடு காட்டும். டிஸ்க்கோ 1 டிபி; அதில் முக்கால்வாசி காலி. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதும் உண்டு. வைரஸ், வோல்டேஜ், டிஸ்க் பழுது என்று காரணம் தேடி டிஸ்க்கை மாற்றுகிறார்கள், ஃபார்மட் அடிக்கிறார்கள். இதில் எதுவும் தேவையில்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது. மென்பொருள் போடும் ஒரு பெருக்கல் கணக்கில்தான் கோளாறு. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் சரிசெய்வது அரை மணி நேர வேலை.

மென்பொருள் விண்டோஸிடம் என்ன கேட்கிறது?

டிஸ்க்கில் தகவல் பைட் பைட்டாக ஒதுக்கப்படுவதில்லை. 512 பைட் கொண்டது ஒரு செக்டார். சில செக்டார்கள் சேர்ந்தது ஒரு கிளஸ்டர். ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அளவு அதுதான். இன்றைய என்டிஎஃப்எஸ் டிரைவ்களில் பெரும்பாலும் 8 செக்டார் ஒரு கிளஸ்டர், அதாவது 4,096 பைட்.

காலி இடம் எவ்வளவு என்று பழைய மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் வழிக்கு ‘கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்’ என்று பெயர். இது நேரடியாக பைட் கணக்கைத் தராது. நான்கு எண்களைத் தரும்:

1. ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டார்
2. ஒரு செக்டாருக்கு எத்தனை பைட்
3. காலி கிளஸ்டர் எத்தனை
4. மொத்தக் கிளஸ்டர் எத்தனை

முதல் மூன்றையும் பெருக்கினால் காலி இடம் பைட்டில் கிடைக்கும். பெருக்க வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. இந்தப் பெருக்கலைத்தான் பழைய மென்பொருள் தப்பாகப் போடுகிறது. விண்டோஸ் கொடுத்த எண்கள் சரியானவையே.

பெருக்கித் தொகையையே நேரடியாகத் தரும் புதிய வழி, ‘கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்எக்ஸ்’, 1996-இல் வந்த விண்டோஸ் 95-இன் இரண்டாம் வெளியீட்டிலும் விண்டோஸ் என்டி 4-இலும் சேர்க்கப்பட்டது. அது 64-பிட் எண்ணாகத் தருவதால் தடுமாற்றம் இல்லை. ஆனால் அதற்கு முன் எழுதிய நிரலும், அதற்குப் பின்னும் பழைய பழக்கத்தில் எழுதிய நிரலும் பழைய வழியிலேயே கேட்டுக்கொண்டிருக்கின்றன.

பெருக்கல் எங்கே உடைகிறது?

32-பிட் மென்பொருள் ஓர் எண்ணை வைக்கும் இடத்தில் அடங்கக்கூடிய பெரிய எண் 4,29,49,67,295. கழித்தல் எண்ணுக்கும் இடம் விட்டு வைத்தால் அதில் பாதி: 2,14,74,83,647. பைட் கணக்கில் முதலாவது 4 ஜிபிக்கு ஒன்று குறைவு, இரண்டாவது 2 ஜிபிக்கு ஒன்று குறைவு.

அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்பின் கிலோமீட்டர் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் என்றால், 99,999-க்கு அடுத்தது 00,000. வண்டி ஓடிய தூரம் குறையவில்லை, மீட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. அதேபோல 4,096 பைட் கிளஸ்டர் 10,48,576 காலியாக இருந்தால் பெருக்குத்தொகை சரியாக 4,29,49,67,296. மென்பொருள் அதைப் பூஜ்யம் என்று படிக்கும். 4 ஜிபி காலியாக இருக்கும் டிஸ்க்கில் ஒரு பைட்கூட இல்லை என்று சொல்லும்.

ஆகவே மென்பொருளின் கண்ணுக்குத் தெரிவது உண்மையான காலி இடம் அல்ல. அதை 4 ஜிபியால் வகுத்தால் வரும் மீதி. கழித்தல் எண்ணுக்கும் இடம் விட்டு எழுதிய மென்பொருளாக இருந்தால், அந்த மீதி 2 ஜிபியைத் தாண்டும்போது கழித்தல் எண்ணாகிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சி டிரைவில் காலி 214.5 ஜிபி. பைட்டில் 2,30,31,76,21,248. இதை 4,29,49,67,296-ஆல் வகுத்தால் 53 முறை போய் மீதி 2,68,43,54,560, அதாவது 2.5 ஜிபி. இது 2-ஐத் தாண்டிவிட்டதால் அதிலிருந்து 4 ஜிபி கழிபடும்: –1,61,06,12,736. கேபியில் சொன்னால் –15,72,864. இதைப் பார்த்துவிட்டு மென்பொருள் ‘எனக்கு 20 எம்பி வேண்டும், இருப்பது அதைவிடக் குறைவு’ என்று முடிவு செய்து நின்றுவிடுகிறது.

ஒரு நாள் ஓடுவதும் ஒரு நாள் நிற்பதும்

ஆட்களை அதிகம் குழப்புவது இதுதான். கோளாறு டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது அல்ல, அந்தந்த நேரத்துக் காலி இடத்தைப் பொறுத்தது. 214.5 ஜிபி காலியாக இருக்கும்போது நின்ற மென்பொருள், விண்டோஸ் அப்டேட் 0.6 ஜிபி இறங்கியதும் 213.9-க்கு வந்து, மீதி 1.9 ஆகி, ஒழுங்காக ஓடத் தொடங்கும். இன்னும் 2 ஜிபி நிரம்பி 211.9 ஆனால் மீதி 3.9, திரும்பவும் கழித்தல் எண், திரும்பவும் நிற்கும். ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது என்பார்கள். ரீஸ்டார்ட்டின்போது தற்காலிக ஃபைல்கள் அழிந்தோ கூடியோ காலி இடம் மாறியிருக்கும்.

பழைய மெஷினில் இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒன்று, அது விண்டோஸ் 98 ஆக இருந்திருக்கும். விண்டோஸ் 95, 98 இரண்டும் பழைய வழியில் கேட்கும் மென்பொருளுக்கு 2 ஜிபிக்கு மேல் காட்டுவதே இல்லை. எண்ணைக் குறைத்துச் சொல்லிக் காப்பாற்றிவிடும். எக்ஸ்பி முதல் இன்றுவரை உள்ள விண்டோஸ் உண்மையான கிளஸ்டர் எண்ணிக்கையைக் கொடுத்துவிடுகிறது. இன்னொன்று, பழைய டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கும். காலி இடம் 2 ஜிபிக்குக் கீழேயே கிடந்தால் பெருக்கல் உடைய வாய்ப்பே இல்லை. இடம் தாராளமாகக் கிடைத்த பிறகுதான் இடம் இல்லை என்ற புகார் வருகிறது.

எல்லா மென்பொருளும் ஒரே மாதிரித் தவறுவதில்லை

எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் ஒன்றுக்குப் பலிக்கும் வழி இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

1. கழித்தல் எண்ணாக்கும் வகை. டெல்ஃபி என்ற நிரல் எழுதும் கருவியின் முதல் மூன்று பதிப்புகளில் எழுதியவை, பழைய சி நிரல்கள், அந்தக் காலத்து இன்ஸ்டாலர்கள் பலவும் இதில் அடங்கும். டெல்ஃபி 4-இல்தான் 64-பிட் முழு எண் வந்தது. மீதி 0 முதல் 2 ஜிபி வரை இருந்தால் ஓடும், 2 முதல் 4 வரை இருந்தால் நிற்கும்.

2. மீதியை மட்டும் பார்க்கும் வகை. டெல்ஃபியோடும் பாரடாக்ஸோடும் வந்த போர்லண்ட் டேட்டாபேஸ் எஞ்சின், சுருக்கமாக பிடிஇ, இப்படிப்பட்டது. காலி இடம் 4-இன் மடங்கை ஒட்டி, சற்றே மேலே இருக்கும்போது மட்டும் நிற்கும். 212.01 ஜிபி காலி என்றால் அதற்குத் தெரிவது சுமார் 10 எம்பி. மற்ற நேரமெல்லாம் நன்றாக ஓடும். மாதக்கணக்கில் ஓடிவிட்டு ஒரு காலையில் திடீரென்று நின்று, சில ஃபைல்களை நகர்த்தியதும் சரியாகிவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

3. பெருக்கும்போதே விழும் வகை. விஷுவல் பேசிக் 6, எண் கொள்ளாவிட்டால் மீதியை வைத்துக்கொண்டு போகாது; ‘ரன்டைம் எரர் 6, ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும். காலி இடம் 2 ஜிபிக்கு மேல் இருக்கும் எல்லா நாளும் நிற்கும். இன்று ஓடும், நாளை ஓடாது என்ற ஆட்டம் இங்கே கிடையாது.

பெருக்குவதற்கு முன்பே கேபியாக மாற்றிக்கொள்ளும்படி எழுதிய மென்பொருள் சில உண்டு. அவை 2 டிபி வரை தடுமாறாது. ஒரே காலத்து மென்பொருள் இரண்டில் ஒன்று ஓடி ஒன்று நிற்பதற்குக் காரணம் எழுதியவரின் இந்தச் சிறு கவனம்தான்.

இதே கோளாறுதானா என்று உறுதிசெய்ய

டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறந்தால் காலி இடம் ஜிபியிலும் பைட்டிலும் இருக்கும். முழு பைட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராந்திய அமைப்பு இந்தியா என்று இருந்தால் காற்புள்ளி லட்சம், கோடி முறையில் விழும். இல்லாவிட்டால் மூன்று மூன்று இலக்கமாக விழும். இலக்கங்கள் ஒன்றே.

அடுத்து விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்குப் போய், அளவு ‘க்யூவேர்ட்’ (64 பிட்) என்று இருக்கும்போது, டெசிமல் வரிசையில் அந்த எண்ணை இடுங்கள். பிறகு அளவை ‘டீவேர்ட்’ (32 பிட்) ஆக மாற்றுங்கள். கால்குலேட்டர் எண்ணின் கடைசி 32 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய மென்பொருள் என்ன பார்க்கிறதோ அதுவே திரையில் வரும். மேலே சொன்ன 2,30,31,76,21,248-ஐ இட்டு மாற்றினால் –1,61,06,12,736 வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த எண்ணும் மென்பொருள் காட்டும் எண்ணும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம். மென்பொருள் எண் எதுவும் காட்டாமல் செய்தி மட்டும் சொல்கிறது என்றால், அது நிற்கும் நேரத்தில் டீவேர்ட் எண் என்ன, ஓடும் நேரத்தில் என்ன என்று நான்கைந்து முறை குறித்து வையுங்கள். நிற்கும்போதெல்லாம் கழித்தல் எண் வந்தால் முதல் வகை. நிற்கும்போதெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய சிறிய எண் வந்தால் இரண்டாம் வகை.

எந்த டிரைவைப் பார்க்கிறது?

கணக்கு டி டிரைவில் இருக்கிறது என்பதால் மென்பொருள் டி-யைத்தான் சோதிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தற்காலிக ஃபைல்களுக்கான ‘டெம்ப்’ ஃபோல்டர் சி-யில் இருக்கும். பல மென்பொருள் அங்கேதான் இடம் பார்க்கும். பிடிஇ தன் பிரைவேட் டைரக்டரி இருக்கும் டிரைவைப் பார்க்கும். கடையில் இரண்டு மெஷின் வைத்து, கணக்கு ஷேர் செய்த ஃபோல்டரில் இருந்தால், பார்க்கப்படுவது அடுத்த மேஜையில் இருக்கும் மெஷினின் டிஸ்க்காகவும் இருக்கலாம்.

ஊகிக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, மென்பொருளின் பெயரை வடிகட்டியில் போட்டு, அது நிற்கும்வரை பதிவு செய்யுங்கள். ஆபரேஷன் பத்தியில் ‘குவெரிசைஸ்இன்ஃபர்மேஷன்வால்யூம்’ என்ற வரியைத் தேடினால் எந்தப் பாதையைக் கேட்டது, காலி கிளஸ்டர் எத்தனை என்று பதில் கிடைத்தது என்பது அதே வரியில் இருக்கும்.

நிரந்தரத் தீர்வு: 2,000 எம்பியில் ஒரு தனி டிரைவ்

மென்பொருளுக்கு 2 ஜிபிக்கு மேல் இடமே தெரியாமல் பார்த்துக்கொண்டால் பெருக்கல் உடையாது. மேலே சொன்ன மூன்று வகைக்கும் பொருந்தும் வழி இது. செய்யும் முறை:

1. கணக்கு ஃபோல்டர் முழுவதையும் முதலில் பென்டிரைவில் நகலெடுங்கள்.
2. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, டி டிரைவில் ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்து 2,000 எம்பி குறையுங்கள். 2,048 எம்பியே 2 ஜிபி என்பதால் அதற்குள் நிற்க வேண்டும். தாராளமாக இருக்கட்டும் என்று 3,000 கொடுத்தால் முதல் வகை மென்பொருள் முதல் நாளே கழித்தல் எண் காட்டும்.
3. கிடைத்த காலி இடத்தில் புதிய டிரைவ் உருவாக்கி என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்து, மாறாத ஓர் எழுத்தைக் கொடுங்கள். பென்டிரைவ் செருகும்போது போட்டி வராமல் இருக்க பி (P) அல்லது கியூ (Q) போல நடு எழுத்தாக இருப்பது நல்லது.
4. மென்பொருளையும் கணக்கையும் அதில் வைத்து, உள்ளே பாதை எழுதியிருக்கும் இடங்களை மாற்றுங்கள்.
5. டெம்ப் ஃபோல்டரைச் சோதிக்கும் மென்பொருள் என்றால், புதிய டிரைவில் ஒரு டெம்ப் ஃபோல்டர் திறந்து, டெம்ப், டிஎம்பி ஆகிய இரண்டு சூழல் மாறிகளையும் அங்கே திருப்பும் வரிகளை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, அதன் வழியாக மென்பொருளைத் திறக்கச் செய்யுங்கள். விண்டோஸ் முழுவதற்கும் மாற்றினால் மற்ற மென்பொருளின் தற்காலிக ஃபைல்களும் அந்தச் சிறு டிரைவில் வந்து குவியும்.

டிஸ்க்கைப் பிரிக்கத் தயக்கம் இருந்தாலோ, பழைய எம்பிஆர் முறையில் ஏற்கனவே நான்கு பிரைமரி பார்ட்டிஷன் இருந்தாலோ விஎச்டி என்னும் மெய்நிகர் டிஸ்க் கைகொடுக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டின் ஆக்‌ஷன் மெனுவில் கிரியேட் விஎச்டி என்று இருக்கும். 2,000 எம்பி, ஃபிக்ஸ்ட் சைஸ் என்று கொடுத்தால் ஒரே ஒரு ஃபைலாக உருவாகி, தனி டிரைவ் போலவே நடந்துகொள்ளும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு.

சிக்கல் ஒன்று: ரீஸ்டார்ட் ஆனால் அது தானாகத் திரும்ப இணையாது. காலையில் கரண்ட் போய் வந்த பிறகு ‘கியூ டிரைவைக் காணோம்’ என்று போன் வரும். அதனால் டிஸ்க்பார்ட் கருவிக்கான இரண்டு வரிகளை (செலக்ட் விடிஸ்க் என்று ஃபைல் பாதை, அடுத்த வரியில் அட்டாச் விடிஸ்க்) ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, டாஸ்க் ஷெட்யூலரில் கம்ப்யூட்டர் தொடங்கும்போது, உயர் அனுமதியோடு ஓடும்படி வைத்துவிட வேண்டும். விஎச்டியில் ஒரு நல்ல பலனும் இருக்கிறது. மாலையில் டிடாச் செய்து அந்த ஒரு ஃபைலை நகலெடுத்தால் மென்பொருள், கணக்கு, அமைப்பு எல்லாம் சேர்ந்த முழு பேக்கப் கையில். இணைந்திருக்கும்போது நகலெடுக்க முயலக் கூடாது.

டிஸ்க்கைத் தொடாமல் செய்யக்கூடியவை

மென்பொருள் சி டிரைவை மட்டுமே பார்க்கும்படி கட்டியெழுதியிருந்தால் தனி டிரைவ் உதவாது. அதற்கு விண்டோஸே ஒரு வழி வைத்திருக்கிறது. எக்சி ஃபைலின் பிராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 95 என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில மென்பொருளுக்கு அதுவே போதும். ஆனால் அது காலி இடத்தோடு இன்னும் பல விஷயங்களையும் பழைய மாதிரியாக்கிவிடும்; பிரிண்ட் போன்ற வேறு இடத்தில் இடிக்கலாம்.

இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் மருந்து வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் ஏடிகே தொகுப்பில் உள்ள கம்பாட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டரின் 32-பிட் பதிப்பைத் திறந்து, அப்ளிகேஷன் ஃபிக்ஸ் உருவாக்கி, எக்சி ஃபைலைக் காட்டி, திருத்தப் பட்டியலில் ‘எமுலேட்கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்’ என்பதை மட்டும் டிக் செய்து, சேமித்து, இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். காலி இடம் 2 ஜிபியைத் தாண்டினால் அந்த மென்பொருளுக்கு மட்டும் 2 ஜிபி என்றே இது சொல்லும். குறைவாக இருந்தால் உள்ளதைச் சொல்லும். விண்டோஸ் 98 செய்துவந்த அதே காரியம். சி டிரைவை விட்டு நகராத மென்பொருளுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

என்டிஎஃப்எஸ் கோட்டா இன்னொரு வழி. டிரைவின் பிராப்பர்டீஸில் கோட்டா பகுதியை இயக்கி, வரம்பைத் தாண்டினால் இடம் மறுக்கவும் டிக் செய்து, கணக்கு எழுதும் யூசருக்கு 1.5 ஜிபி வரம்பு வைத்தால், அந்த யூசர் திறக்கும் மென்பொருளுக்குத் தெரியும் காலி இடம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அந்த யூசர் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கக் கூடாது. அட்மினுக்கு வரம்பு பொருந்தாது. சி டிரைவில் இதை வைத்தால் அந்த யூசரின் டெஸ்க்டாப், டவுன்லோட் எல்லாம் கணக்கில் சேர்ந்து சீக்கிரமே முட்டிக்கொள்ளும். டி-யில் வைப்பதே சரி.

ஏலத்து நாள் காலையில் நின்றுவிட்டால்

பில் போட ஆட்கள் காத்திருக்கும்போது டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு ஓட்டிவிட, தேவையான அளவில் ஒரு வெற்று ஃபைலைப் போட்டு மீதியை நகர்த்தலாம். அட்மினாகத் திறந்த கமாண்ட் விண்டோவில் எஃப்எஸ்யூட்டில் கருவியின் ‘ஃபைல் கிரியேட்நியூ’ கட்டளைக்குப் பாதையையும் அளவை பைட்டிலும் கொடுத்தால் ஒரு நொடியில் உருவாகிவிடும்.

அளவைக் கண்ணை மூடிக்கொண்டு 2 ஜிபி என்று வைப்பவர்கள் அதிகம். இரண்டாம் வகைக்கும் அதனால் தப்பிக்கலாம். முதல் வகைக்கு வகையறிந்து வைப்பதே நல்லது. முதல் வகை என்றால் மீதி 2 ஜிபிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். 214.5 காலி என்றால் 0.6 ஜிபி (64,42,45,094 பைட்) ஃபைல் போட்டால் 213.9, மீதி 1.9. அடுத்த 1.9 ஜிபி நிரம்பும்வரை நிம்மதி. 2 ஜிபி போட்டிருந்தால் மீதி 0.5-தான், ஒரு அப்டேட்டில் அது தீர்ந்து, திரும்பவும் நின்றிருக்கும்.

இரண்டாம் வகைக்கு, அதாவது பிடிஇ-க்கு, மடங்கைத் தாண்டிக் கீழே இறங்கினால் போதும். 212.01 காலியில் அரை ஜிபி ஃபைல் போட்டால் 211.51, மீதி 3.51. பிடிஇ-க்கு இது தாராளம். முதல் வகை மென்பொருளுக்கு இதே 3.51 கழித்தல் எண். அதனால்தான் வகையை முன்பே குறித்துவைக்கச் சொல்வது. மூன்றாம் வகையான விஷுவல் பேசிக்குக்கு வெற்று ஃபைல் உதவவே உதவாது.

ஃபைலின் பெயரிலேயே ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவையுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று யாராவது அழித்தால் மென்பொருள் அந்த நிமிடமே நிற்கும். இது ஓரிரு நாளைக்கான வழிதான். ஞாயிற்றுக்கிழமை கிடைத்ததும் தனி டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும்.

சப்ஸ்ட் கட்டளையால் ஒரு ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்து கொடுப்பதை இதற்குத் தீர்வாகச் சொல்கிறவர்கள் உண்டு. எழுத்துதான் மாறும், காலி இடம் அதே பழைய டிரைவுடையதே வரும். செக்டிஸ்க், டிஃப்ராக், ஃபார்மட் மூன்றுக்கும் இந்தக் கோளாறோடு சம்பந்தம் இல்லை.

டாஸ் காலத்து மென்பொருள்

கிளிப்பர், டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ போன்றவை 16-பிட். டாஸ் காலி இடத்தைச் சொல்லும் நான்கு எண்களும் 16-பிட்டில் அடங்க வேண்டும். 65,535-க்கு மேல் கிளஸ்டரே எண்ண முடியாது. 32 கேபி கிளஸ்டர் வைத்தாலும் 2 ஜிபியோடு முடிந்தது. ஃபேட்16 டிரைவின் 2 ஜிபி வரம்பும் அதே கணக்குதான்.

64-பிட் விண்டோஸில் இவை திறக்கவே திறக்காது என்பதால், டாஸைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள் தேவைப்படும். டாஸ்பாக்ஸில் ஒரு ஃபோல்டரை மவுண்ட் செய்தால், உண்மையில் எவ்வளவு இருந்தாலும், சுமார் 250 எம்பி காலி என்றே மென்பொருளுக்குச் சொல்லும். பெரும்பாலும் அது போதும். வருடக் கணக்கை முடிக்கும்போது பெரிய ஃபைலை சார்ட் செய்யும் மென்பொருள் அதையும் போதாது என்றால், மவுண்ட் கட்டளையின் கடைசியில் ‘ஃப்ரீசைஸ்’ சேர்த்து 1,000 என்று எம்பியில் கொடுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது அடிக்க வேண்டுமென்றால் சாதாரண டாஸ்பாக்ஸில் பிரிண்டர் போர்ட் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது விடாஸ் தேவை.

பார்க்க ஒன்றுபோலிருக்கும் வேறு கோளாறுகள்

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவது தவறே இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

3 டிபி டிஸ்க்கைப் பழைய யூஎஸ்பி டாக்கில் போட்டால் 746 ஜிபி என்று காட்டுவது இதே மீதிக் கணக்கு, வேறு இடத்தில். செக்டார் எண்ணை 32-பிட்டில் வைக்கும் கருவிக்கு 2.2 டிபியோடு எண் தீர்ந்துவிடும், எஞ்சியதைத்தான் காட்டுகிறது. அந்த நிலையில் டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, டாக்கை மாற்றுங்கள். விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் 80 ஜிபி டிஸ்க்கை 10 ஜிபி சொச்சமாகக் காட்டுவதும் இப்படித்தான். அது 64 ஜிபியில் சுற்றிவிடுகிறது.

இவற்றில் உண்மையிலேயே ஆபத்தானது 137 ஜிபி எல்லை. 28-பிட் முகவரி முறையில் 26,84,35,456 செக்டார் மட்டுமே எண்ண முடியும். அது 137 ஜிபி. விண்டோஸ் 98-உம் முதல் சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பியும் இந்த முறையில் ஓடுபவை. அவற்றில் பெரிய டிஸ்க்கை மாட்டி 137 ஜிபியைத் தாண்டி எழுதினால், எழுத்து சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் விழுந்து அங்கிருக்கும் ஃபைல் பட்டியலையே அழித்துவிடும். மற்ற கோளாறுகளில் எண் மட்டும்தான் தப்பு, இதில் கணக்கே போய்விடும். எஸ்டேட் ஆபீஸில் இன்னமும் விண்டோஸ் 98 மெஷின் ஓடி, அதில் 160 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள டிஸ்க்கை மாட்டியிருந்தால், நிரம்பும்வரை காத்திருக்காமல் மெஷினை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, இன்றைய விண்டோஸ் உள்ள மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, முதல் வேலையாகக் கணக்கு ஃபோல்டரை வெளியே எடுத்துவிடுங்கள்.